பிள்ளைகள் வெளியூர் போன பிறகு வீட்டில் விளக்கு, வழிபாடு, நன்றி: எங்கிருந்து தொடங்குவது?

வேளச்சேரி வாசி:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான். மகள் பெங்களூரு, மகன் அமெரிக்காவில் நியூயார்க் பக்கம். அடுக்குமாடி, இரண்டாவது தளம். தனிப் பூஜை அறை கிடையாது, சமையலறை அலமாரியில் ஒரு தட்டுதான் சாமி இடம். வெள்ளிக்கிழமை விளக்கு மட்டும் எப்படியோ நின்றது. மற்றதெல்லாம் பள்ளிக்கூடம், டியூஷன், பரீட்சை என்று ஓடியதில் விட்டுப்போச்சு.

இப்போது நேரத்துக்குக் குறைவில்லை. ஆனால் சாமி முன்னால் உட்கார்ந்தால் பத்து நிமிஷம்கூட மனசு நிற்க மாட்டேன் என்கிறது. விரதம், யாத்திரை எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். அன்றாட வீட்டு வேலைக்குள்ளேயே பக்தியும் நன்றி உணர்வும் வரும்படி என்ன செய்யலாம்? விளக்கு தினமும் ஏற்றலாம் என்றால் புகை, பிசுக்கு, தேய்க்கிற வேலை. கோலம் போடலாம் என்றால் முழங்கால். உபதேசம் வேண்டாம், செய்முறையாகச் சொன்னால் போதும்.

பழைய மாம்பலம்:

நேரம் நிறைய இருப்பதுதான் சிக்கலே. பிள்ளைகள் இருந்த வீட்டுக்கு ஒரு மணிக்கூண்டு இருந்தது: ஐந்தரைக்குப் பால், ஆறே முக்காலுக்கு டிபன் டப்பா, ஏழு இருபதுக்கு வேன். அந்த மணி நின்றதும் வழிபாட்டை "எப்போ வேணாலும் செய்துக்கலாம்" என்று வைத்தால் எப்போதும் நடக்காது. அதனால் முதல் வேலை மனசை நிறுத்துவது இல்லை, நேரத்தை நிறுத்துவது. ஒரே ஒரு காரியம், ஒரே நேரம், 48 நாள். ஒரு மண்டலம் முடிகிற வரை இரண்டாவது காரியத்தைச் சேர்க்காதீர்கள். பெரும்பாலும் இங்கேதான் கெடும். முதல் வாரத்து உற்சாகத்தில் விளக்கு, ஸ்லோகம், கோலம், கோயில் நாலையும் எடுத்துக்கொள்வோம். மூன்றாவது வாரம் ஒரு கல்யாணம் வந்தால் நாலும் சேர்ந்து நின்றுவிடும்.

மாலை விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் மறைகிற நேரத்தைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டாம். சென்னையில் அது நவம்பர் கடைசியில் 5.40-க்கும் ஜூலை தொடக்கத்தில் 6.40-க்குமாக ஒரு மணி நேரம் ஊசலாடும். கடிகாரத்தில் 6 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் முழுக்க ஒத்துவரும்.

இப்போது விளக்கு விஷயம். தினத்துக்குச் சின்னக் காமாட்சி விளக்கு போதும், குத்துவிளக்கை வெள்ளிக்கிழமைக்கும் நாள் கிழமைக்கும் வையுங்கள். சின்ன விளக்கில் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லி எண்ணெய் பிடிக்கும். ஒற்றைத் திரி மணிக்கு ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும். தினமும் முழுக்க நிரப்பி ராத்திரி வரை எரிய விட வேண்டிய அவசியமில்லை. அரை மணி போதும். குளிர வைக்க வாயால் ஊதாதீர்கள். பூக்காம்பால் திரியைப் பின்னால் இழுத்து எண்ணெயில் மூழ்க விடுங்கள், சத்தமில்லாமல் மலையேறிவிடும், கருகல் நாற்றமும் வராது. தானாக எண்ணெய் தீர்ந்து அணைய விட்டால்தான் திரி கருகி, விளக்கின் மூக்கில் கரி பிடித்துக்கொள்ளும்.

புகைக்கு நாலு காரணம் உண்டு. முதலாவது, திரி வெளியே அதிகம் நீட்டிக்கொண்டிருப்பது. ஒரு பச்சரிசி நீளத்துக்கு மேல் முனை வெளியே தெரியக் கூடாது. சுடர் உயர உயர எண்ணெய் முழுசாக எரியாமல் கரியாகத்தான் போகும். இரண்டாவது, மின்விசிறி. சுடர் ஆடினாலே புகை. மூன்றாவது, ஈரத் திரி. நம்ம ஊர்க் காற்றில் திறந்த பாக்கெட்டில் கிடக்கிற பஞ்சுத் திரி ஈரம் இழுத்து, ஏற்றியதும் படபடவென்று பொரியும். மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். ஏற்றுவதற்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே எண்ணெயில் ஊறப் போடுங்கள். நாலாவது, எண்ணெய். விளக்குக்கு என்றே விற்கிற பாட்டில்களில் பல, கலவை எண்ணெயும் வாசனையும் சேர்ந்தவை. லேபிளைத் திருப்பிப் பாருங்கள். அந்தச் செயற்கை வாசனைதான் மூடிய ஃபிளாட்டில் தலைவலியாக வருகிறது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் விலை கூடுதல்தான், ஆனால் அரை மணிக்கு அரைத் தேக்கரண்டிகூடச் செலவாகாத இடத்தில் கணக்குப் பார்க்க ஒன்றுமில்லை.

ஒரு எச்சரிக்கை. சமையலறை அலமாரி என்கிறீர்கள். விளக்குக்கு நேர் மேலே இருக்கிற பலகை ஒன்றரை அடிக்குக் குறைவான உயரத்தில் இருந்தால் விளக்கை உள்ளே தள்ளாமல் முன் விளிம்பில், ஒரு தாம்பாளத்தின் மேல் வையுங்கள். பிளாஸ்டிக் மாலை, நைலான் திரை, தொங்கும் காலண்டர் எதுவும் பக்கத்தில் வேண்டாம். கேஸ் குழாய் போகிற பக்கம் கூடவே கூடாது.

பழைய மாம்பலம்:

தேய்ப்பதைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். அது தனி வேலை இல்லை, அதுவும் பூஜையில் சேர்த்திதான். வியாழக்கிழமை சாயங்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளிக்குப் பளிச்சென்று இருக்கும்.

பழைய செய்தித்தாளால் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் தண்ணீரில் போட வேண்டும். எண்ணெயோடு புளி போட்டுத் தேய்த்தால் பிசுக்கு பரவுமே தவிரப் போகாது. பிறகு வெந்நீரில் சீயக்காய்ப் பொடியோ பாத்திர சோப்போ. அதற்கப்புறம் எலுமிச்சம்பழ அளவு புளி, ஒரு சிட்டிகை கல்லுப்பு, ஐந்து நிமிஷம். ராத்திரி முழுக்கப் புளியில் ஊறப் போடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. புளிப்பில் ரொம்ப நேரம் கிடந்தால் மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் நிற்கும். விளக்கு மஞ்சளாக இல்லாமல் ரோஸாக வெளிவருவது அதனால்தான்.

வேளச்சேரிப் பக்கம் போர் தண்ணீர் உப்பு. கடைசி அலசலைக் குடிதண்ணீரில் செய்து, காய விடாமல் உடனே பருத்தித் துணியால் துடையுங்கள். தானாகக் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். மூக்கிலும் தண்டு திருகுகிற இடத்திலும் ஈரம் நின்றால் நாலு நாளில் பச்சைக் களிம்பு.

மயிலை மாட வீதி:

கோலத்துக்கு நான் சொல்கிறேன். முழங்கால் வலியோடு வாசலில் குந்தி உட்கார வேண்டாம். முக்கால் அடி உயர முக்காலி ஒன்று போட்டுக்கொண்டு, அதில் உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டுகிற அளவுக்கு மட்டும் கோலம். அடுக்குமாடி வாசலுக்கு ஒன்றரை அடிக்கு மேல் இடமும் கிடையாது.

ஊடுபுள்ளி 5 தொடங்கி 3-ல் முடிகிற கோலம் எடுங்கள். நடுவில் 5, இரு பக்கமும் 4, பிறகு 3. மொத்தம் 19 புள்ளி. இரண்டு விரல் இடைவெளி விட்டால் ஒரு சாண் அகலத்துக்குள் முடிந்துவிடும். கை பழகியதும் 7 தொடங்கி 4-ல் முடிப்பது, 37 புள்ளி. அதற்கு மேல் மார்கழிக்குப் பார்த்துக்கொள்ளலாம். மனசு நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சிக்குக் கோலத்தில் கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேர வேண்டும். நடுவில் மகன் ஞாபகமோ மாசக் கணக்கோ வந்தால் கோடு தப்பும், தப்பினது கண்ணுக்கே தெரியும். கண்ணை மூடி உட்காருவதைவிடப் பலருக்கு இது சுலபம்.

மாவு: கடைக் கோலமாவு கல் தூள். எறும்பு தின்னாது. பச்சரிசியைக் கழுவி நிழலில் உலர்த்தி, ரவை பதத்துக்கு உடைத்து, மூன்று பங்கு கோலமாவுக்கு ஒரு பங்காவது கலந்துகொள்ளுங்கள். சிற்றுயிருக்குப் படி அளப்பது என்ற பழைய எண்ணம் அந்த ஒரு பங்கில்தான் இருக்கிறது. மாவு ரொம்ப நைஸாக இருந்தால் விரலிடுக்கிலிருந்து சீராக விழாது, பறக்கும். மழை நாளில் ஈரம் ஏறிக் கட்டி தட்டினால் வெறும் வாணலியில் இரண்டு நிமிஷம் சூடு காட்டி, ஆறவிட்டு எடுங்கள்.

மாக்கோலம் போடலாமே என்று தோன்றும். அரை டம்ளர் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊற வைத்து, வெண்ணெயாக அரைத்து, பால் பதத்துக்குக் கரைத்து, துணி நனைத்து இழுப்பது. செங்காவித் தரை, சிமெண்டுத் தரைக்கு அருமையாக நிற்கும். ஃபிளாட்டு வழுவழு டைல்ஸில் நிற்காது. திவலை திவலையாக ஒதுங்கி, காய்ந்ததும் செதில் செதிலாகப் பெயரும். கெட்டியாகக் கரைத்தால் இன்னும் மோசம். உங்களுக்கு அந்த ஆசை இருந்தால் ஒரு மரப் பலகையில் போட்டு சாமி தட்டின் கீழே வையுங்கள், நாலைந்து நாள் அழியாது.

ஒட்டுக் கோலம் (ஸ்டிக்கர்) பற்றி யாராவது சொல்வார்கள். அழகுக்குச் சரி. இங்கே கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

பெசன்ட் நகர்:

நான் கத்தோலிக்கர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மேலே சொன்ன நேரக் கணக்கு எங்களுக்கும் அப்படியே பொருந்தும். பிள்ளைகள் இருந்தவரை குடும்ப செபமாலை என்பது அவர்களைப் பிடித்து உட்கார வைக்கிற வேலையாகவே போயிருக்கும். இரண்டு பேர் ஆனதும் அது நின்றுபோகிற வீடுகள் அதிகம்.

முழுச் செபமாலை நிதானமாகச் சொன்னால் 20 நிமிஷம் வரை ஆகும்: 53 'அருள் நிறைந்த மரியே', 6 கர்த்தர் கற்பித்த செபம். பத்து நிமிஷம் நிற்காத மனசுக்கு அது நீளம். ஒரு நாளைக்கு ஒரு பத்துமணி, அதாவது பத்து 'அருள் நிறைந்த மரியே' கொண்ட ஒரு பகுதி மட்டும் எடுங்கள், நாலு நிமிஷம். காய்கறி நறுக்கும்போது விரல் மணியை எண்ணாது, ஆகவே சமையலோடு கலக்காதீர்கள். குக்கர் அடுப்பில் ஏறி, மூன்று விசில் வருகிற இடைவெளி இருக்கிறதே, அது சரியான இடம். கிழமைக்கேற்ற மறைபொருளை (செபிக்கும்போது தியானிக்கிற இயேசு, மரியாள் வாழ்க்கை நிகழ்வுகளை)ப் பார்த்துக்கொள்ளுங்கள்: திங்கள், சனி மகிழ்ச்சி, செவ்வாய், வெள்ளி துயரம், புதன், ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி. இந்த ஒளியின் மறைபொருள்கள் 2002-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சேர்த்தவை. பழைய செபப் புத்தகத்தில் இல்லை என்று தேட வேண்டாம்.

நன்றி உணர்வு என்று கேட்டதற்கு இதைவிட நேரான ஒன்று இருக்கிறது. புனித இஞ்ஞாசியார் கற்பித்த ராத்திரி ஆன்ம சோதனை. ஐந்து படி. முதலில் நன்றி, பிறகு உள்ளொளி கேட்பது, அன்றைய நாளை மணி மணியாகத் திரும்பப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். நன்றி முதலில் வருவதைக் கவனியுங்கள். குற்றத்தை முதலில் எடுத்தால் ஐந்து நிமிஷத்தில் பிள்ளை வளர்ப்பில் விட்ட பிழைகளின் பட்டியலாகிவிடும், தூக்கமும் போகும்.

இதை எழுத ஒரு எளிய வழி: தினத்தாள் காலண்டர். ராத்திரி அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்க வெள்ளையில் ஒரே வரி. பின்னால் அச்சு இருக்கிற காலண்டர் என்றால் ஓரத்தில் எழுத வேண்டிவரும், வாங்கும்போதே திருப்பிப் பாருங்கள். பெரிய நோட்டு வாங்காதீர்கள். வெற்றுப் பக்கம் பயமுறுத்தும், ஒரு நாள் விட்டால் இடைவெளி கண்ணில் குத்தும். தாள் அப்படியில்லை. கிழிக்காமல் விட்டால் மறுநாள் இரண்டாகக் கிழித்தால் போச்சு. பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள், மாதக் கடைசியில் எடுத்துப் படியுங்கள்.

பத்தாம் நாளில் இது கெடும். "ஆரோக்கியம், குடும்பம், நல்ல வாழ்க்கை" என்று எல்லாத் தாளிலும் ஒன்றே வரும். அதற்கு ஒரு விதி: ஒவ்வொரு வரியிலும் ஒரு ஆள், ஒரு பொருள், ஒரு நேரம் இருக்க வேண்டும். 'காலை 7 மணி, கீரைக்காரம்மா, முளைக்கீரைக் கட்டில் வேர் நறுக்கிக் கொடுத்தார்.' இவ்வளவுதான்.

திருவல்லிக்கேணி:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். சுருக்கமாக ஒன்று.

ஃபாத்திமா நாயகி அவர்கள் திரிகை அரைத்துக் கை காய்த்துப்போய், வீட்டு வேலைக்கு ஒரு பணியாள் வேண்டும் என்று தந்தையாரான நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்கப் போனபோது, அவர்கள் கொடுத்தது என்ன என்பது ஹதீஸில் (நபிமொழியில்) இருக்கிறது. படுக்கைக்குப் போகும்போது சுப்ஹானல்லாஹ் (அல்லாஹ் தூயவன்) 33, அல்ஹம்துலில்லாஹ் (எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே) 33, அல்லாஹு அக்பர் (அல்லாஹ் மிகப் பெரியவன்) 34. மொத்தம் 100. பணியாளைவிட இது மேல் என்று சொன்னார்கள். வீட்டு வேலையின் களைப்புக்கு என்றே கொடுக்கப்பட்டது என்பதால் இந்தக் கேள்விக்கு வெளியே போகாது என்று நினைக்கிறேன்.

எண்ண மணிமாலை வேண்டாம். ஒரு விரலில் மூன்று கணு. கட்டை விரலையும் அடிவாரத்து ரேகையோடு சேர்த்து மூன்றாக எண்ணினால் ஒரு கைக்கு 15. இரண்டு கை 30, மேலே மூன்று. நிதானமாகச் சொன்னாலும் நாலைந்து நிமிஷம். படுத்த பிறகு ஆரம்பித்தால் பாதியில் தூக்கம் வந்துவிடும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முடித்துவிட்டுப் படுங்கள். முழங்கால் முடியாதவர்கள் நாற்காலியில் அமர்ந்து தொழ அனுமதி உண்டு. அதைக் குறையாக நினைத்துத் தொழுகையைத் தள்ளிப்போடுகிற அம்மாமார்கள் நிறையப் பேர்.

வேளச்சேரி வாசி:

எல்லோருக்கும் நன்றி. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எழுதி வைத்துக்கொண்டேன். இன்னும் மூன்று சந்தேகம்.

1) வீட்டுக்காரருக்கு இதில் பெரிசாக நம்பிக்கை இல்லை. எதிர்ப்பும் இல்லை. அவரை எப்படிச் சேர்ப்பது, சேர்க்கத்தான் வேண்டுமா?
2) பிடி அரிசி எடுத்து வைக்கலாமா? ஒரு தடவை முயற்சி செய்ததில் வண்டு வைத்துவிட்டது. யாரிடம் கொடுப்பது என்றும் தெரியவில்லை.
3) பிரதோஷத்துக்குப் போகலாம் என்றால் கூட்டத்துக்குப் பயமாக இருக்கிறது.

மயிலை மாட வீதி:

பிரதோஷத்தை முதலில் முடித்துவிடுகிறேன். திரயோதசி அன்று மாலை நாலரையிலிருந்து ஆறு வரை, மாதம் இரண்டு தடவை. கபாலீசுவரர் கோயிலில் நந்தி அபிஷேகத்துக்கு நெருக்கி நிற்கத் தெம்பு வேண்டும். திருவான்மியூர் மருந்தீசுவரரிலும் கூட்டம்தான். உங்களுக்கு வேளச்சேரியிலேயே தண்டீசுவரர் இருக்கிறார், அதை விட்டு ஏன் ஓட வேண்டும்? கூட்டத்தில் நிற்க முடியாதவர்கள் அன்று காலையில் ஒரு கை வில்வத்தைக் கொடுத்துவிட்டு, நந்தி முன்னால் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும். மயிலைக்கே வர வேண்டும் என்றால் வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையம், இறங்கி நடக்கிற தூரம்தான். சாதாரண நாளில் சாயங்காலம் நாலரைக்குள் வந்தால் பிரகாரம் காலியாக இருக்கும்.

இனி பிடி அரிசி. காஞ்சிப் பெரியவர் வீடு வீடாகப் பரப்பிய வழக்கம் இது: உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசி தனிப் பானையில், கூடவே ஒரு காசு. அளவு பாருங்கள். பெண்கள் கைப்பிடி ஏறக்குறைய 40 கிராம். 30 நாளில் 1.2 கிலோ. பானை அதற்கு மேல் பெரிசாக இருக்க வேண்டாம். பெரிய டப்பா வைத்து ஆறு மாதம் சேர்த்தால்தான் வண்டு வரும். சென்னை ஈரக் காற்றில் இரண்டு மாதம் தாண்டினாலே சந்தேகம். காய்ந்த வேப்பிலை ஒரு கொத்து, நாலு காய்ந்த மிளகாய் போட்டு இறுக்க மூடுங்கள். வேப்பிலை பச்சையாக இருந்தால் அதுவே ஈரம் விட்டுப் பூஞ்சை பிடிக்கும். நனைந்த கையால் பிடி எடுப்பதும் இன்னொரு காரணம். அரிசி களைவதற்கு முன்னால், உலர்ந்த கையால் எடுக்க வேண்டும்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. ஒரு நாள் புழுங்கல், ஒரு நாள் பச்சை, இட்லி அரிசி என்று கலந்து போடுகிறார்கள். கலந்த அரிசி ஒரே பதத்தில் வேகாது, ஒன்று குழையும், ஒன்று நறுக்கென்று நிற்கும். வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பது நியாயம்தான். ஒரே ரகம் போடுங்கள்.

யாரிடம் கொடுப்பது: அறநிலையத் துறைக் கோயில்களில் மதிய அன்னதானத் திட்டம் 2002 முதல் நடக்கிறது. அங்கே பணமாகக் கட்டி ரசீது வாங்குவது எளிது, சில்லறை அரிசியைப் பற்றி முன்னாலேயே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம் என்றாலும் போன் செய்து கேட்டுவிட்டுப் போவதே மரியாதை. இது எதுவும் ஒத்துவரவில்லையா, மாதம் ஒரு நாள் அந்த அரிசியை நீங்களே வடித்து, ஒரு சாம்பார் சாதமாக்கி, காவலாளி, தெரு கூட்டுகிறவர், இஸ்திரி வண்டிக்காரர் என்று கொடுங்கள். 1.2 கிலோ அரிசி பத்துப் பேருக்குத் தாராளமாக வரும். திரும்பக் கேட்க வேண்டியிராத டப்பாவில், சுடச்சுட, சாப்பாட்டு நேரத்துக்கு. மிச்சத்தைக் கொடுப்பது வேறு, இவர்களுக்கென்று வடிப்பது வேறு. அது வாங்குகிற கைக்கு நன்றாகவே தெரியும்.

வள்ளலாரை எல்லோரும் வடலூரோடு சேர்த்து நினைக்கிறோம். 1867-இல் அவர் அங்கே தொடங்கிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது. ஆனால் அவர் வளர்ந்தது சென்னை ஏழுகிணற்றில், வீராசாமித் தெருவில். மாடியறையில் ஒரு கண்ணாடி, ஒரு விளக்கு, அவ்வளவுதான் பூஜை. சமையலறை அலமாரித் தட்டு சின்னது என்று நினைக்கிறவர்கள் அந்தத் தெருப் பக்கம் ஒரு நடை போய் வரலாம்.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் வேளச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் இரண்டாவது தளம், தப்பித்தீர்கள். இதைப் படிக்கிற கீழ்த்தளத்துக்காரர்கள் சாமி படம், புத்தகம், அரிசிப் பானை எதையும் அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள்.

பழைய மாம்பலம்:

வீட்டுக்காரர் விஷயம். சேர்க்க வேண்டாம், வேலை கொடுங்கள். சாமி கும்பிடச் சொல்லாமல் பூவுக்குப் பொறுப்பாக்குங்கள். பால்கனியில் வெயில் நாலு மணி நேரம் விழுந்தால் 12 அங்குலத் தொட்டியில் செம்பருத்தி வரும், வெயில் குறைவென்றால் நந்தியாவட்டை. செம்பருத்திக்கு மாவுப்பூச்சி நிச்சயம் வரும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்க வேண்டும். நடுவெயிலில் தெளித்தால் இலை கருகும். ரிட்டயரான ஆண்களுக்கு இந்த மாதிரி அளவு, இடைவெளி, பலன் உள்ள வேலை பிடித்துப்போகும். தினத்தாள் கிழிப்பதும் அவர் வேலையாக இருக்கட்டும். அவர் பங்குக்கு ஒரு வரி எழுதினால் எழுதட்டும். எழுதாவிட்டால் கேட்காதீர்கள்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இது முகத்துக்கு நேரே சொல்வதுதான். "உனக்காகத்தான் தினமும் விளக்கேத்தறேன், நீ ஒரு போன் பண்ண மாட்டேங்கற" என்ற வாக்கியம் வாயில் வருகிற அன்று அந்த விளக்கு கடன் பத்திரமாகிவிடுகிறது. வேண்டுதலைச் சொல்லிக் காட்டாதீர்கள். இங்கே சாயங்காலம் 6 மணி என்றால் நியூயார்க்கில் காலை ஏழரை, அவர்கள் கோடைக்காலத்தில் எட்டரை. அவன் வேலைக்குக் கிளம்புகிற அவசரம். விளக்கு நேரத்தில் போனை வேறு அறையில் வையுங்கள். பேசுவதற்கு நம் ராத்திரி எட்டரைக்கு மேல், அவன் இருக்கைக்கு வந்து சேர்ந்த பிறகு, அல்லது சனி ஞாயிறு.

அண்ணாநகர் மேற்கு:

இதுவரை படித்ததில் ஒரே ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். தினத்தாளில் தினமும் எழுத வேண்டும் என்பது எல்லோருக்கும் ஒத்துவராது. எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட, இன்றும் எல்லோரும் எடுத்துச் சொல்கிற ஆய்வில் ஒரு பிரிவினர் வாரம் ஒரு முறைதான் எழுதினார்கள், ஐந்து விஷயம் வரைக்கும். அதற்கே வாழ்க்கையைப் பற்றிய நிறைவில் வித்தியாசம் தெரிந்தது. தினமும் எழுதி மூன்றாவது வாரம் சலித்துப்போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுதலாம்.

மனசு கனத்தே இருக்கிறது, தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, விளக்கேற்றக்கூட எழத் தோன்றவில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை பக்திக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டாக்டரைப் பாருங்கள். நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் மாதவிடாய் நிற்கிற காலமும் பிள்ளைகள் கிளம்புகிற காலமும் பல வீடுகளில் ஒன்றாக வருகிறது. தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை மூன்றும் ஒரே ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மார்கழிக்கு முன்னால் 48 நாளை முடிக்க நினைத்தால் அக்டோபர் கடைசியில் ஆரம்பிக்க வேண்டும். டிசம்பர் 16 வாக்கில் மார்கழி பிறக்கும்போது கை பழகியிருக்கும். திருப்பாவை 30 பாட்டு, நாளுக்கு ஒன்று. சைவர்கள் திருவெம்பாவை 20, திருப்பள்ளியெழுச்சி 10, அதுவும் 30 கணக்குத்தான். பாட்டுக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

பெசன்ட் நகர்:

வாரம் ஒரு முறை என்பதும் சரிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் செவ்வாய்க்கிழமை நடந்தது ஞாபகம் வராது. கிழிக்கும்போது ஒரு சொல்லாவது குறித்து வைத்துக்கொள்ளலாம், 'கீரை' என்று. ஞாயிறு அன்று விரித்து எழுதலாம்.

வேளச்சேரி வாசி:

விளக்கை எடுத்துப் பார்த்தேன். மாம்பலம் அம்மா சொன்னபடி ரோஸாகத்தான் இருக்கிறது. வருஷக்கணக்காகப் புளியில் ஊறப் போட்ட பலன். இதைச் சரி செய்ய முடியுமா, புதுசு வாங்க வேண்டுமா?

பழைய மாம்பலம்:

வாங்க வேண்டாம். அது மேல் தோல் மட்டும்தான். ஆறு வாரத்துக்குப் புளியை விட்டுவிட்டு, பீதாம்பரி மாதிரி பித்தளை தேய்க்கிற பொடியை ஈரத் துணியில் தொட்டு, ஒரே திசையில் தேய்த்துக் கழுவுங்கள். கம்பி நார் வேண்டாம், கீறல் விழுந்தால் அதில்தான் எண்ணெய் போய் உட்காரும். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும். மூக்கின் உள்பக்கத்துக்குப் பழைய பல்துலக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். நாளை வியாழன்தானே, நாளைக்கே ஆரம்பிக்கலாம்.